ஒரு காசாளர் வீட்டுக் குரல்

குயின் ராக் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரி எந்த ஊர்க்காரர் என்று கேட்டால் நாலு திசையிலிருந்தும் பதில் வரும். லண்டனின் மேற்கு ஓரத்தில் ஃபெல்த்தம் என்ற புறநகரில் அவர் குடும்பம் வாழ்ந்த வீட்டுச் சுவரில் 2016இல் நீல வட்டப் பலகை பதித்து, இவர் எங்களவர் என்று உறுதிசெய்தது இங்கிலாந்து. அவர் பிறந்த ஜான்சிபாரில் 2019இல் அவருக்கு ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். பம்பாய்ப் பார்சிகளோ, பல்சாரா குடும்பத்துப் பையன் எங்கள் வீட்டுப் பிள்ளை என்கிறார்கள். குயின் குழுவின் பாடல் தொகுப்பு ஒன்றுக்கு 2004இல் ஈரான் அரசு அனுமதி கொடுத்தபோது, பாடகரின் பாரசீக வேர் அங்கேயும் பெருமையாகப் பேசப்பட்டது. நாலு பேர் சொல்வதிலும் உண்மை உண்டு. ஆனால் இவர்களைவிட அதிகமாக அவர்மீது உரிமை கோரக்கூடிய ஐந்தாவது கூட்டம் ஒன்று இருக்கிறது. அது இதுவரை வாயே திறக்கவில்லை. மாதச் சம்பளத்துக்காகக் கடல் கடந்து, வேறொருவர் மண்ணில் கணக்கு எழுதிக்கொண்டு, பிள்ளைகளை எங்கே படிக்கவைப்பது, எங்கே வளர்ப்பது, கடைசியில் எங்கே போய் நிற்பது என்று தீராத யோசனையில் வாழும் நடுத்தர ஊழியர்களின் கூட்டம் அது. துபாயில் அந்தக் கூட்டத்தின் தலைநகர் கராமா. கணக்காளர்களும் காசாளர்களும் நர்சுகளும் கடை மேலாளர்களும் மூன்று தலைமுறையாக வந்துபோகும் இந்தப் பகுதியில் ஃப்ரெடியின் வாழ்க்கை ஒரு வெள்ளைக்காரப் பாடகரின் கதையாகவே தெரிந்திருக்கிறது. அவரைப் பற்றி 2018இல் வந்த ‘போஹீமியன் ராப்சடி’ படமும் அந்த எண்ணத்தைப் பெரிதாக மாற்றவில்லை. கராமா வீட்டுப் பிள்ளைகள் வாழும் வாழ்க்கையின் முன்பதிப்புதான் அவருடையது, அவருடைய கலையும் அந்த வாழ்க்கையிலிருந்தே உருவானது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் ஊர். 1946 செப்டம்பர் 5 அன்று ஃப்ரெடி, ஃபரூக் பல்சாரா என்ற பெயரோடு பிறந்தபோது ஜான்சிபார் பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்த ஒரு சுல்தானகம். ஆண்டுகொண்டிருந்தவர்கள் மஸ்கட்டை ஆண்ட, இன்றும் ஓமானை ஆளும் அல் பு சயீத் வம்சத்தினர். 19ஆம் நூற்றாண்டில் சுல்தான் சயீத், மஸ்கட்டிலிருந்து தன் அரசவையையே இந்தக் கிராம்புத் தீவுக்கு மாற்றிக்கொண்டார். அவர் இறந்தபின் மகன்களுக்குள் தகராறு வந்தபோது, ஓமானையும் ஜான்சிபாரையும் தனித்தனி ஆட்சிகளாகப் பிரித்துத் தீர்ப்புச் சொன்னவர் இந்தியாவின் வைஸ்ராய் கேனிங் பிரபு; ஆண்டு 1861. மஸ்கட்டில் கடை வைத்திருந்த கச்சு பாட்டியா வணிகர்களே ஜான்சிபாரில் சுங்க வரி வசூலையும் குத்தகைக்கு எடுத்தார்கள். 20ஆம் நூற்றாண்டிலும் வெகுகாலம் ஜான்சிபாரில் புழங்கியது ரூபாய். துபாயிலும் 1966 வரை புழங்கியது ரூபாய்தான். மலபார்க் கரையிலிருந்து வளைகுடாவுக்கும் அங்கிருந்து ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைக்கும் பருவக்காற்றைப் பிடித்துப் பாய்க்கப்பல்கள் ஓடிய ஒரே கடல்வெளி இது. அதன் துறைமுகங்களில் கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். குஜராத்தின் புல்சார், அதாவது இன்றைய வல்சாடு, என்ற ஊரின் பெயரைக் குடும்பப் பெயராகச் சுமந்த, ஃப்ரெடியின் தகப்பன் போமி பல்சாராவும் அவர்களில் ஒருவர். ஜான்சிபார் உயர் நீதிமன்றத்தில் பிரிட்டிஷ் அரசின் காசாளர் வேலை அவருடையது. அவர் இன்று இருந்திருந்தால் பர் துபாயில் ஏதாவது அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு கராமாவில் வீடெடுத்திருப்பார் என்று சொல்வதில் மிகையில்லை.

அடுத்தது பள்ளிக்கூடம். வளைகுடாத் தமிழ்க் குடும்பங்களில் இதைப்போல் வலி தரும் முடிவு வேறில்லை. இங்கேயே இந்தியப் பள்ளியில் போடலாமா, ஊரில் பாட்டி வீட்டில் விடலாமா, ஏற்காட்டிலோ ஊட்டியிலோ விடுதிப் பள்ளியில் சேர்க்கலாமா என்ற பேச்சு ஒவ்வொரு கல்வியாண்டு முடிவிலும் சாப்பாட்டு மேசைக்கு வரும். போமியும் ஃப்ரெடியின் தாய் ஜெர்ரும் எடுத்த முடிவு மூன்றாவது. 1950களின் நடுவில், எட்டு வயதுப் பையனைக் கப்பலேற்றி, மராட்டிய மலைமேல் இருக்கும் பஞ்ச்கனியின் செயின்ட் பீட்டர்ஸ் பள்ளிக்கு அனுப்பினார்கள். விடுமுறைகளை அவன் பெரும்பாலும் பம்பாயில் உறவினர் வீட்டில் கழித்தான். ஃபரூக் என்ற பெயரை ஃப்ரெடி என்று சுருக்கியது பஞ்ச்கனிதான். அங்கேதான் பியானோ வந்தது. பையனிடம் இசைத்திறன் இருப்பதைக் கவனித்த தலைமையாசிரியர், கொஞ்சம் கூடுதல் கட்டணம் கட்டினால் முறையாகக் கற்பிக்கலாம் என்று பெற்றோருக்குக் கடிதம் எழுதினார். காசாளர் கட்டினார். ஃப்ரெடியின் வாழ்க்கை வரலாறுகள் ஒரே வரியில் கடந்துபோகும் தகவல் இது. ஆனால் எனக்கு இந்தக் கதை முழுவதிலும் முக்கியமான சம்பவமாகப் படுவது இதுதான். கடல் தாண்டி இருந்த ஒரு தகப்பன், தான் பார்க்காத மகனின் திறமையைப் பற்றி வேறொருவர் எழுதியதை நம்பிப் பணம் அனுப்பியிருக்கிறார்.

1958 வாக்கில் பள்ளியில் பையன்கள் ஐந்து பேர் சேர்ந்து ‘தி ஹெக்டிக்ஸ்’ என்ற குழுவை அமைத்தார்கள். வானொலியில் கேட்ட மேற்கத்தியப் பாட்டைப் பியானோவில் அப்படியே திருப்பி வாசிப்பது ஃப்ரெடியின் வேலை. அவன் அதில் முதன்மைப் பாடகன் இல்லை. பாடியவன் வேறொரு மாணவன். பின்னாளில் உலகமே பாடகர்களின் பாடகர் என்று கொண்டாடியவர் முதல் குழுவில் ஓரத்தில் உட்கார்ந்து வாசித்தவர் என்பதைப் பிள்ளையைப் பத்து வயதிலேயே தொலைக்காட்சிப் போட்டி மேடைக்குத் தள்ளும் பெற்றோர்கள் கொஞ்சம் யோசிக்கவேண்டும். அவர்கள் வாசித்த பாட்டுகளில் கிளிஃப் ரிச்சர்டின் பாட்டுகளும் உண்டு. அந்தக் கிளிஃப் ரிச்சர்ட் 1940இல் பிறந்தது லக்னோவில். எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க் என்ற பெயரில் உலகம் அறிந்த பாடகர் 1936இல் பிறந்தது மதராஸில். பீட்டில்ஸ் குழுவில் ரிங்கோ ஸ்டாருக்கு முன் டிரம்ஸ் வாசித்த பீட் பெஸ்ட் பிறந்ததும் மதராஸில்தான், 1941இல். இவர்கள் எல்லோரும் பேரரசின் உத்தியோகத்துக்காக இடம் மாறிக்கொண்டே இருந்த குடும்பங்களின் பிள்ளைகள். பிரிட்டிஷ் பாப் இசை லிவர்பூல் துறைமுகத்திலும் லண்டன் கலைக் கல்லூரிகளிலும் பிறந்தது என்று புத்தகங்கள் சொல்கின்றன; அது சரிதான். ஆனால் அதன் குரல்களில் சில, சம்பளத்துக்காக ஊர்விட்டு ஊர்போன வீடுகளில் பிறந்தவை. மற்ற மூவருக்கும் வெள்ளைத் தோல் இருந்ததால், நீ எந்த ஊர் என்று அவர்களை அவ்வளவாக யாரும் கேட்கவில்லை. ஃப்ரெடியைக் கேட்டார்கள்.

1963இல் பஞ்ச்கனியை விட்டு ஜான்சிபாருக்குத் திரும்பினார். ஊர் அப்போதே நிலை குலைந்திருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ஜான்சிபார் சுதந்திரம் பெற்றது. அடுத்த மாதம், 1964 ஜனவரி 12 அன்று, புரட்சி வெடித்தது. ஆயிரக்கணக்கான அராபியர்களும் ஆசியர்களும் கொல்லப்பட்டார்கள். சுல்தான் ஜம்ஷித் தன் கப்பலில் தப்பினார். கடைசியில் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பகுதியில் குடியேறி, பல பத்தாண்டுகள் கழித்து 2020இல்தான் அவரால் முன்னோர்களின் ஓமானுக்குப் போக முடிந்தது. அவருடைய நாட்டு நீதிமன்றத்தின் காசாளரும் அதே இங்கிலாந்தில்தான் ஒதுங்கினார். தப்பியோடிய ஜான்சிபார் அராபியர்களில் பலர் பின்னர் மஸ்கட்டிலும் துபாயிலும் வேர்விட்டார்கள். 1970க்குப் பிறகு சுல்தான் காபூஸ் அவர்களைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார். ஓமானில் இன்றும் சுவாஹிலி பேசும் வீடுகள் இருப்பது அதனால்தான். ஃபெல்த்தமில் பல்சாரா குடும்பம் இறங்கியபோது ஃப்ரெடிக்குப் பதினேழு வயது. ஹீத்ரோ விமான நிலையம் பக்கத்திலேயே இருந்தது. அங்கே பெட்டி தூக்கும் வேலையும் பார்த்தார். முதலில் ஐல்வொர்த்திலும் பிறகு ஈலிங் கலைக் கல்லூரியிலும் படித்து 1969இல் வரைகலையில் பட்டயம் பெற்றார். கென்சிங்டன் சந்தையில் டிரம்மர் ராஜர் டெய்லரோடு சேர்ந்து பழைய துணி விற்றார். டெய்லரும் கிதார் கலைஞர் பிரையன் மேயும் நடத்திவந்த ‘ஸ்மைல்’ குழுவிலிருந்து பாடகர் விலகியபோது அந்த இடத்துக்கு 1970இல் வந்தார். குயின் என்று பெயர் வைத்தவர் அவரே, குழுவின் சின்னத்தை வரைந்தவரும் அவரே. பல்சாரா அப்போதுதான் மெர்குரி ஆனது. அடுத்த ஆண்டு பேஸ் கிதாரோடு ஜான் டீக்கன் வந்து சேர்ந்தார். பாட்டு என்றால் படிப்பு போய்விடும் என்று அஞ்சும் வீடுகளுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: மே வானியற்பியல் ஆய்வு மாணவர், டீக்கன் மின்னணுவியல் பட்டதாரி, டெய்லர் உயிரியல் படித்தவர். நால்வரும் பட்டமோ பட்டயமோ பெற்றவர்கள்தான்.

இனி கலை. அந்த வாழ்க்கை இந்த இசையில் எங்கே தெரிகிறது என்று கேட்பது நியாயம். ‘போஹீமியன் ராப்சடி’யை எடுத்துக்கொள்ளலாம். 1975 அக்டோபரின் கடைசி நாளில் வெளிவந்த, ஆறு நிமிடத்துக்குச் சற்றே குறைந்த பாட்டு. அதில் மெல்லிய பியானோப் பாட்டாகத் தொடங்குவது நடுவில் இத்தாலிய ஓபரா நாடகமாகிறது, அங்கிருந்து காதைப் பிளக்கும் கிதாராக மாறி, மறுபடியும் பியானோவுக்கு வந்து அடங்குகிறது. பல்லவி என்று ஒன்று திரும்பி வருவதே இல்லை. மூன்று நிமிடத்துக்கு மேல் போனால் வானொலியில் போடமாட்டார்கள் என்று அன்று தொழில் தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அது ஒன்பது வாரம் பிரிட்டனின் முதலிடத்தில் இருந்தது. அதன் ஓபராப் பகுதியில் இத்தாலியப் பெயர்களுக்கு நடுவே ‘பிஸ்மில்லா’ என்ற ஒலி வருகிறது. பள்ளிவாசல் பாங்கு ஒலி கேட்டு வளர்ந்த ஜான்சிபார்ப் பிள்ளைக்கு அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று ஆராயவே வேண்டியதில்லை. மூன்று ஆண்டு கழித்து வந்த ‘ஜாஸ்’ தொகுப்பின் முதல் பாட்டு ‘முஸ்தஃபா’. அதில் சலாமும் அல்லாவின் பெயரும் இடையிடையே ஒலிக்க, ஒரு வகை அராபிய இழுவையில் அவர் குரல் போகிறது. வெளியே அதை வேடிக்கைப் பாட்டாக எடுத்துக்கொண்டார்கள். வளைகுடாவில் இருந்து கேட்கிற காதுக்கு அது சிறுவயதுத் தெருவின் சத்தம்.

ஆனால் நான் சுட்டிக்காட்ட விரும்புவது இந்தச் சொற்களைவிட ஆழமானது. அது பாட்டின் அமைப்பு. ஒரே ஊரில், ஒரே மரபில் வளர்ந்த கலைஞன் அந்த மரபைச் செம்மைப்படுத்துவான், அல்லது உடைப்பான். ஃப்ரெடிக்குச் செம்மைப்படுத்தவோ உடைக்கவோ சொந்த மரபு என்று ஒன்று கிடைக்கவில்லை. வீட்டில் ஜொராஸ்திரிய வழிபாடு, தெருவில் சுவாஹிலியும் அரபும், விடுதியில் ஆங்கிலேயத் துதிப்பாடலும் பியானோவும், பம்பாய் விடுமுறையில் இந்திப் படப்பாட்டு, ஃபெல்த்தம் படுக்கையறையில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். இவற்றில் எதுவும் முழுதாக அவருடையதில்லை என்பதால் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் துணிவு வந்தது. ஓபராவுக்கும் ராக்குக்கும் நடுவில் வேலி இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. 1988இல் ஸ்பெயின் ஓபரா பாடகி மோன்செராத் கபாயேயோடு ஒரு முழுத் தொகுப்பே பாடினார், அதுவும் நோய் கண்டறியப்பட்ட பிறகு. கராமாவில் ஒரு பிள்ளை ஒரு நாளில் கேட்பதை யோசித்துப் பாருங்கள்: காலையில் வீட்டில் சுப்ரபாதமோ திருவாசகமோ குர்ஆன் ஓதலோ, பள்ளி வேனில் மலையாளப் பாட்டு, வகுப்பில் அரபுப் பாடம், மாலையில் டிரினிட்டி இசைத் தேர்வுக்குக் கீபோர்ட், ராத்திரி பக்கத்து ஃபிளாட்டிலிருந்து ஃபிலிப்பினோ கரவோகே. இந்தக் கலப்பைக் குறையாகவே நாம் பேசிவருகிறோம். தமிழும் சரியாக வரவில்லை, கர்நாடக சங்கீதமும் அரைகுறை என்று அலுத்துக்கொள்கிறோம். குயின் குழுவின் சிறந்த பாட்டுகள் இதே போன்ற அரைகுறைகளின் மேல் எழுந்தவை.

குரலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2016இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் அவருடைய பதிவுகளை அளந்து பார்த்தார்கள். மேல்ஸ்தாயிப் பாடகராக உலகம் அறிந்த அவர், பேசும்போது தாழ்ந்த சாரீரம் கொண்டவர் என்று தெரிந்தது. இயல்பாக இறங்கி நிற்க வேண்டிய குரலை விரும்பி மேலே ஏற்றிக்கொண்டவர் அவர். கமகம் போன்ற அவருடைய குரல் நடுக்கம் வழக்கமான பாடகர்களைவிட வேகமாகவும் ஒழுங்கற்றும் இருந்தது. உருமலுக்காகத் தொண்டையில் இன்னொரு அதிர்வையும் சேர்த்துப் பயன்படுத்தினார் என்று கருதுகிறார்கள். வாயில் கூடுதலாக நாலு முன்பற்கள் இருந்தன. கிண்டலுக்கு ஆளான அந்தப் பற்களைப் பிடுங்கினால் குரல் மாறிவிடும் என்று அஞ்சிக் கடைசிவரை விட்டுவைத்தார்.

மேடையில் அந்த விடுதிப் பையன் இன்னும் தெளிவாகத் தெரிகிறான். 1981 மார்ச்சில் பிரேசிலின் சாவ் பாவ்லோ மைதானத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கூட்டம். ஆங்கிலம் பேசாத அந்த மக்களைத் தன்னோடு ஆங்கிலத்தில் பாடவைத்தார். 1986இல் புடாபெஸ்ட் போனபோது, தனக்குத் தெரியாத ஹங்கேரி மொழியில் ஒரு நாட்டுப்புறப் பாட்டை, சொற்களை உள்ளங்கையில் எழுதிவைத்துக்கொண்டு பாடினார், அரங்கம் நெகிழ்ந்துபோனது. 1985 ஜூலை 13 அன்று எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக நடந்த லைவ் எய்டில், வெம்ப்ளி மைதானத்தில் அவருக்குக் கிடைத்தது இருபது நிமிடம் சொச்சம். கூடியிருந்தவர்கள் குயின் ரசிகர்களாகச் சீட்டு வாங்கி வந்தவர்கள் இல்லை. பல கலைஞர்களைப் பார்க்க வந்த எழுபதாயிரம் பேர். நடுவில் வாத்தியங்களை நிறுத்திவிட்டு அர்த்தமில்லாத ஓசைகளை வீசினார். மைதானம் முழுவதும் அதே ஓசையைத் திருப்பி அனுப்பியது. ஒவ்வொரு சில ஆண்டுக்கும் புது இடம், புது முகங்கள், தன்னை இவர்கள் ஏற்பார்களா என்று தெரியாத நிலை. எட்டு வயதில் தொடங்கி அதையே வாழ்ந்தவருக்கு, அந்நியர்கள் கூடிய இடத்தை நிமிடங்களில் தன் வீடாக்கிக்கொள்வது பிழைப்பதற்கான பழக்கம். பிறவித் திறமையும் கடும் உழைப்பும் இல்லாமல் இது நடந்திராது என்பது உண்மை. ஆனால் திறமையும் உழைப்பும் எந்தத் திசையில் போகவேண்டும் என்பதை வாழ்க்கை தீர்மானிக்கிறது. பிரிட்டனில் அவரைவிட நுட்பமாகப் பாடியவர்கள் இருந்தார்கள். அந்நியக் கூட்டத்தைச் சொந்தமாக்கிக்கொள்வதில் அவருக்கு இணை இல்லை.

பெரிய ஆட்சேபம் ஒன்று உண்டு: அவர் தன் பிறப்பை மறைத்தவர்தானே? பெயரை மாற்றினார், இந்தியாவைப் பற்றிப் பாடவில்லை, புலம்பெயர்ந்தோர் படும் பாட்டைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அப்படிப்பட்டவரைப் புலம்பெயர் ஊழியர் குடும்பங்கள் ஏன் கொண்டாடவேண்டும்? இதை ஒப்பிட்டுப் பார்க்கக் கையருகே ஓர் உதாரணம் உண்டு. ஃபெல்த்தம் அடங்கிய அதே ஹவுன்ஸ்லோ வட்டாரத்தில் 1975இல் பிறந்தவர் பாடகி மாதங்கி அருள்பிரகாசம், உலகத்துக்கு எம்.ஐ.ஏ. யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் குழந்தைப் பருவம், பத்துப் பதினோரு வயதில் அகதியாக லண்டன், பிறகு கலைக் கல்லூரி. ஃப்ரெடியின் பாதையை இவர் பாதை பல இடங்களில் ஒட்டிப்போகிறது. ஆனால் தன் முதல் இரண்டு தொகுப்புகளுக்கும் தகப்பன், தாய் பெயர்களைச் சூட்டினார். ஈழத்தையும் அகதி வாழ்வையும் நெற்றியில் எழுதிக்கொண்டு மேடையேறினார். எம்.ஐ.ஏ.வால் முடிந்தது ஃப்ரெடியால் ஏன் முடியவில்லை?

இருவருக்கும் நடுவில் முப்பது ஆண்டுகள் இருக்கின்றன. ஃப்ரெடி ஈலிங்கில் படித்துக்கொண்டிருந்த 1968இல்தான் பிரிட்டிஷ் அரசியல்வாதி ஏனக் பவல், குடியேறிகளால் நாட்டில் ரத்த ஆறு ஓடும் என்ற பொருள்படப் பேசினார். லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் அவருக்கு ஆதரவாக ஊர்வலம் போனார்கள். அதே ஆண்டு, கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வரும் ஆசியர்களைத் தடுக்கவே ஒரு சட்டம் இயற்றினார்கள், பல்சாரா குடும்பத்தைப் போன்றவர்களை மனதில் வைத்து. அந்த ஊரில் ஃபரூக் பல்சாரா என்ற பெயரோடு ராக் பாடகராக நிற்க இடமே இருக்கவில்லை. எம்.ஐ.ஏ. பாட வந்தபோது அந்த இடத்தை ஒரு தலைமுறை ஆசிய இளைஞர்கள் போராடி உண்டாக்கிவைத்திருந்தார்கள். அதோடு, ஃப்ரெடி மறைத்தார் என்பதே முழு உண்மையில்லை. ஆரம்பகாலப் பேட்டிகளில் விடுதிப் பள்ளியைப் பற்றித் தாராளமாகப் பேசியிருக்கிறார். பெற்றோர் வீட்டுக்குச் சாப்பிடப் போவதை நிறுத்தவில்லை. 1991 நவம்பர் 24 அன்று, தனக்கு எய்ட்ஸ் என்று அறிக்கை விட்ட மறுநாள், 45 வயதில் இறந்தபோது, அவருடைய இறுதிச் சடங்கை ஜொராஸ்திரிய குருமார்கள் நடத்தினார்கள். தன் ஆண் துணையோடு வாழ்ந்த வாழ்க்கையை அவர் பெற்றோரிடமும் பத்திரிகைகளிடமும் வெளிப்படையாகப் பேசவில்லை. அந்த மௌனத்தைக் கோழைத்தனம் என்று சொல்கிறவர்கள், அன்றைய பிரிட்டிஷ் பத்திரிகைகள் எய்ட்ஸ் நோயாளிகளை எப்படி எழுதின என்பதை ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும். வீட்டுக்கு ஒரு முகமும் வெளியே ஒரு முகமும் வைத்துக்கொண்டு, இரண்டிலும் நேசத்தோடு இருப்பது புலம்பெயர்ந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் அறிந்த பாடு.

அவரை நியாயப்படுத்த முடியாத இடமும் ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டிப் போகக்கூடாது. 1984இல் குயின் குழு, நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவின் சன் சிட்டி கேளிக்கை மையத்தில் போய் வாசித்தது. உலகக் கலைஞர்களின் புறக்கணிப்பு இருந்தபோது, தங்கள் சங்கமே தடுத்தபோது, போனார்கள். நாங்கள் அரசியல் குழு இல்லை என்று சொன்னார்கள். ஆப்பிரிக்கக் கரையில் பிறந்த, நிறத்துக்காக வசை வாங்கிய ஒருவர் அந்த மேடையில் நின்றது தவறு. சம்பளம் கொடுக்கும் இடத்தின் நீதி அநீதியைக் கேட்காமல் வேலையைப் பார்த்துவிட்டு வருவது என்ற குடியேறிப் பழக்கத்தின் கெட்ட பக்கம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. காசாளர் வீடு அவருக்குக் கொடுத்தவற்றில் இதையும் சேர்த்துத்தான் எண்ணவேண்டும்.

இன்னொரு ஆட்சேபம் கராமாவிலிருந்தே வரும். பல்சாரா வீட்டில் ஆயா இருந்தாள்; அரசு உத்தியோகம்; துரத்தப்பட்டபோது போய் இறங்க இங்கிலாந்து இருந்தது. இங்கே வேலை போனால் விசா போகும், விசா போனால் பிள்ளையின் பள்ளியும் போகும். பாட்டெல்லாம் வசதிப்பட்டவர்களுக்கு. இது வலுவான வாதம், பெருமளவு சரியும்கூட. மகனைத் தகப்பன் விசாவில் வைத்திருக்க 18 வயதுவரைதான் முடியும் என்று இருந்தது, ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022இல்தான் 25 ஆனது. அந்த ஏழு ஆண்டுகள் எத்தனை பேருடைய கல்லூரிப் படிப்பையும் கனவையும் காப்பாற்றியிருக்கும் என்று பெற்றோர்களுக்குத்தான் தெரியும். ஆனாலும் இங்கிருந்து யாரும் கிளம்பவில்லை என்று சொல்லமுடியாது. பென்னி தயாள் பிறந்ததும் பள்ளியில் படித்ததும் அபுதாபியில். மேற்படிப்புக்குத் தாம்பரத்தில் இருக்கும் சென்னை கிறித்தவக் கல்லூரிக்கு வந்தார், எஸ்-5 என்ற பாப் குழுவில் பாடினார், ஏ.ஆர்.ரகுமானின் இசையில் ‘சிவாஜி’யிலும் ‘விண்ணைத்தாண்டி வருவாயா’விலும் பாடினார், பிறகு ஃபங்க்சுவேஷன் என்ற குழுவுக்கு முதன்மைப் பாடகரானார். வளைகுடாவில் பிறந்து, படிப்புக்காகத் தாய்நாட்டுக்கு அனுப்பப்பட்டு, அங்கே குழு கண்டுபிடித்த பிள்ளை. பஞ்ச்கனிக்குப் பதில் தாம்பரம், அவ்வளவுதான் வித்தியாசம். ஒருவர் வந்ததை வைத்து எல்லோரும் வருவார்கள் என்று சொல்லவில்லை. நூறு பிள்ளைகள் கீபோர்ட் வகுப்புக்குப் போனால் தொண்ணூற்றொன்பது பேர் கணக்காளர்களாகவும் பொறியாளர்களாகவும்தான் ஆவார்கள், அதில் குறையொன்றும் இல்லை. நூறாவது பிள்ளையை யார் கவனிப்பது என்பதுதான் கேள்வி.

ஃப்ரெடியைக் கவனித்தவர் ஒரு பள்ளித் தலைமையாசிரியர். அவருக்குக் குழு அமைக்க இடம் கொடுத்தது ஒரு பள்ளி விடுதி. வளைகுடா இந்தியப் பள்ளிகளில் இசை ஆண்டு விழாவுக்கு முந்தைய மாதத்தில் மட்டும் உயிர்பெறும் பாடமாக இருக்கிறது. பத்தாம் வகுப்பு வந்ததும் கிதார் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. பிள்ளைகளே சேர்ந்து, ஆசிரியர் தலையிடாமல், தப்பும் தவறுமாக ஒரு குழு நடத்த எந்தப் பள்ளியிலும் அறை இல்லை, நேரம் இல்லை. வீட்டில் முடியாது, வாடகைக்கு விடும் பெட் ஸ்பேஸ் கட்டில்களும் மெல்லிய சுவர்களும் உள்ள கட்டடத்தில் டிரம்ஸ் வைக்கமுடியாது. இந்த நகரத்தில் அதற்கு வழி இல்லாமல் இல்லை: எக்ஸ்போ 2020க்காக ரகுமானின் வழிகாட்டலில் பெண்களின் ஃபிர்தவ்ஸ் இசைக்குழுவையே உருவாக்கினார்கள். கலைஞர்களுக்குத் துபாய் அரசு 2019இலேயே கலாசார விசா அறிவித்தது. மேல்தட்டில் கதவுகள் திறந்திருக்கின்றன; கராமாப் பிள்ளை அங்கே போய்ச் சேர்வதற்கு நடுவில் படிகள் இல்லை. அந்தப் படிகளை அமைக்கவேண்டியது தமிழ்ச் சங்கங்கள். பொங்கலுக்கும் ஆண்டு விழாவுக்கும் சென்னையிலிருந்து நட்சத்திரங்களை அழைத்துவர ஆகும் செலவில் ஒரு சிறு பங்கு போதும்: வார இறுதிகளில் பள்ளி அரங்கம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஒரு டிரம்ஸ், இரண்டு ஒலிபெருக்கி, ஒரு கீபோர்ட் வைத்து, பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் சாவியைக் கொடுக்கலாம். தமிழில் பாடுவதும், அரபு கலப்பதும், யாருக்கும் புரியாத எதையோ உருவாக்குவதும் அவர்கள் விருப்பத்துக்கு விடவேண்டும். பதிலுக்கு நல்ல மதிப்பெண் கேட்கவேண்டாம், மேடையில் வந்தனம் கேட்கவேண்டாம். மாதாமாதம் சந்தா கட்டும் பெற்றோர்கள் அடுத்த பொதுக்குழுவில் எழுந்து கேட்கக்கூடிய சின்னக் கோரிக்கைதான் இது.